பின்படிக்கட்டுப் பிரசங்கம்

ஜூலை 3, 2020, வெள்ளி

இந்த டைரியை எழுதச் சொன்னது என் மகள் இசக்கி. இல்லாவிட்டால் நான் ஏன் பேனாவைத் தொடப்போகிறேன்? பத்தாம் வகுப்பில் என் கட்டுரையைப் படித்த தமிழய்யா, "கோமதிநாயகம், இதை எழுதினது நீயா, மையில விழுந்த எறும்பா?" என்று கேட்டார். அதன்பிறகு முப்பத்தெட்டு வருடமாக நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டர்தான். பஸ் ஊழியர் சங்கத்தில் வருடா வருடம் கொடுக்கும் டைரியில் என் மனைவி சண்முகத்தாய் கோலம் போட்டுப் பழகுவாள். இந்த வருடத்து டைரியிலும் பொங்கல் வரைக்கும் கோலம் இருக்கிறது.

இசக்கி எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல். தென்காசியில் சுகாதாரத் துறையில் ஒப்பந்த வேலை. ஒருவருக்குக் கொரோனா வந்தால், அதை யாரிடம் வாங்கினார், யார் யாருக்குக் கொடுத்தார் என்று தேடிப் பிடிக்கிற பிரிவு. மார்ச் மாதத்திலிருந்து அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் எங்களுக்கு ஒட்டிவிடுமாம். இன்று போனில் சொன்னாள்:

"யப்பா, நீங்க தினமும் ஆசுபத்திரி ஆளுகளை ஏத்திட்டுப் போறீய. யாரு வந்தாக, எங்கன உக்காந்தாக, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. உங்க உடம்புக்கு எதும்னாலும் அதையும் எழுதணும்."

"எதுக்கும்மா? எல்லாம் என் மண்டையில இருக்கே."

"மண்டைய வாங்கி ஃபைல்ல வைக்க முடியாதுப்பா."

பெற்ற பிள்ளை. பதில் சொல்ல முடியுமா?

ஜூலை 4, சனி

பஸ் ஓடாத காலத்தில் பஸ்ஸில் போகிற ஒரு சில ஆட்களில் நானும் ஒருவன். ஆசுபத்திரி ஊழியர்களுக்கென்று தனி பஸ். காலை ஆறு மணிக்குச் சங்கரன்கோவிலில் எடுத்தால், வழியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பெரிய ஆசுபத்திரியில் விடுவோம். சாயங்காலம் திருப்பிக் கூட்டி வருவோம். சீட்டுக்கு ஒருவர். மொத்தம் இருபத்தைந்து, இருபத்தாறு பேர்.

டிக்கெட் கிடையாது. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். கண்டக்டர் மெஷினும் பையும் இல்லாமல் நிற்கிற என்னைப் பார்த்து டிரைவர் ஞானதுரை, "என்னவே, மாலை இல்லாத மாப்பிள்ள மாதிரி நிக்கீரு?" என்றார். எனக்கு மிச்சமிருப்பது விசில் ஒன்றுதான். ஆகவே அதைக் குறைவில்லாமல் அடிக்கிறேன். ஆளே இல்லாத விலக்கு ஸ்டாப்பிலும் அடித்தேன்.

"அங்கன யாருவே ஏறுனா?" என்றார் ஞானதுரை.

"யாரும் ஏறலன்னு சொல்லத்தான் அடிச்சேன்."

ஜூலை 7, செவ்வாய்

இன்று ஏறியவர்கள் இருபத்தைந்து. எல்லார் பெயரும் தெரியும். நான் நிற்பது பின்படிக்கட்டுப் பக்கம். எனக்கு எதிரே கடைசிக்கு முந்தின சீட்டில் மூக்கம்மா. பனவடலிசத்திரத்தில் ஏறுவாள், கொரோனா வார்டில் துப்புரவு வேலை. அவளுக்கு முன் சீட்டில் நர்ஸ் எஸ்தர் சிஸ்டர். அந்தப் பக்கம் மருந்துக் கிடங்கு பீர்முகமது. சமையல்கூடத்து ராமலெட்சுமி ஜன்னலோரம். இதுதான் என் பின்வரிசைச் சபை. முன்பக்கம் உட்காருகிறவர்கள் ஏறினதும் தூங்கிவிடுவார்கள்.

மூக்கம்மா திடீரென்று கேட்டாள்: "ஏ கண்டக்டரண்ணாச்சி, இந்தக் கிருமிக்கு உசுரு இருக்கா இல்லியா?"

"நீதானே வார்டுல வேல பாக்க? டாக்டரக் கேக்கலியா?"

"அவுகளே ஓடிக்கிட்டு இருக்காக. நான் வாரியலோட போயி வழிய மறிச்சு, உசுரு இருக்கா இல்லியான்னு கேக்கவா?"

நியாயம்தான். "எம் மவ இதைத்தான் படிச்சிருக்கா. கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது நெஞ்சு இரண்டு அங்குலம் கூடியதை மறைக்கவில்லை.

ஜூலை 8, புதன்

நேற்றுச் சாயங்காலம் இசக்கியிடம் அரை மணி நேரம் பாடம் கேட்டேன். அவள் சொன்னதை என் பாஷைக்கு மாற்றி இன்று பஸ்ஸில் சொன்னேன்:

"மூக்கம்மா, அதுக்குச் சொந்தமா உசுரும் இல்ல, வண்டியும் இல்ல. அது ஓசிப் பயணி. மேலெல்லாம் முள்ளு. நம்ம மூக்குலயும் தொண்டையிலயும் நெஞ்சுலயும் இருக்க அணுவுல, படிக்கட்டுக் கம்பி மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு. அந்த முள்ளு இந்தக் கம்பியப் பிடிச்சுத் தொத்திக்கிடும். ஏறுனதும் சும்மா உக்காருமா? டிரைவரத் தள்ளிட்டு அது ஓட்டும். நம்ம அணுவையே வேலை வாங்கி, தன்னை மாதிரி ஆயிரம் நகல் எடுத்து வெளிய அனுப்பும்."

"என்னை ஏம்வே தள்ளணும்?" என்று முன்னாலிருந்து ஞானதுரை குரல் கொடுத்தார்.

"அப்ப சோப்புப் போட்டா ஏன் சாவுது?" என்றாள் மூக்கம்மா.

"அது போட்டிருக்க சட்டை கொழுப்பால ஆனது. எண்ணெய்ச் சட்டியில சோப்புப் பட்டா என்ன ஆகும்? அதான்."

எஸ்தர் சிஸ்டர் சிரித்தார்கள். "அண்ணாச்சி, நாங்க மூணு வருசம் படிச்சதை நீங்க மூணு ஸ்டாப்புல முடிச்சுட்டீங்க."

கொல்லன் தெருவில் ஊசி விற்றவன் நான். அதுவும் விற்றுத் தீர்ந்துவிட்டது!

ஜூலை 10, வெள்ளி

இன்றைய பிரசங்கம்: எப்படிப் பரவுகிறது.

இசக்கி சொன்னது, இருமினால் தெறிப்பது பெரிய துளி, கீழே விழுந்துவிடும். பேசும்போது வருவது மிகச் சிறியது. மூடின அறையில் பத்திப் புகை மாதிரி மிதந்துகொண்டே இருக்கும். மெதுவாகப் பேசினால் கொஞ்சம், சத்தமாகப் பேசினால் நிறைய, பாடினால் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். "மாஸ்க்குக்குள்ள இருந்து பேசுதது கெணத்துக்குள்ள இருந்து கூப்பிடுத மாதிரி இருக்கு" என்று மூக்கம்மா குறைப்பட்டாள். பஸ் சத்தம் வேறு. ஆகவே பேசும்போது மட்டும் தாடைக்கு இறக்கிக்கொள்கிறேன். விசிலுக்கும் எப்படியும் இறக்கத்தானே வேண்டும்.

சங்கத்துக் கூட்டத்தில் கூட யாரும் என்னை மைக் பக்கம் விட்டதில்லை. இங்கே கைதட்டுகிறார்கள்.

ஜூலை 12, ஞாயிறு

முழு ஊரடங்கு. சாலையில் நாயும் நாங்களும்தான். நல்ல சாரல். காற்று பின்பக்கம் அடித்ததால் பின்வரிசை ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டோம். ஞானதுரை தன் பக்கத்து ஜன்னலை மூடுவதே இல்லை, மூடினால் அவருக்குத் தூக்கம் வந்துவிடுமாம். எங்களுக்கு இதமான இருட்டு.

பிரசங்கம்: நோய் வெளியே தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அது அடுத்தவருக்குப் போக ஆரம்பித்துவிடும். "அப்ப நல்லா இருக்கவனையும் நம்பக் கூடாதா?" என்றார் பீர்முகமது. "யாரையும் நம்பாதீரும்" என்றேன். எல்லாரும் சிரித்தோம்.

ஜூலை 13, திங்கள்

இன்றும் சாரல், இன்றும் ஷட்டர். சாயங்கால டிரிப்பில் புதிதாக ஒருவர்: அய்யாத்துரை. சிறுநீரக வார்டில், ரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரத்துக்கு உதவியாளர். எட்டு நாள் உள்ளேயே தங்கி வேலை, அடுத்த எட்டு நாள் வீடு. வன்னிக்கோனேந்தலில் இறங்கினார். பின்வரிசையில் இடம் கொடுத்து, முதல் நாளிலிருந்து நான் சொன்ன எல்லாவற்றையும் அவருக்காக ஒரு மணி நேரம் திருப்பிச் சொன்னேன். இறங்கும்போது, "அண்ணாச்சி, உங்க மவ குடுத்து வச்சவுக" என்றார். நான்தான் கொடுத்து வைத்தவன் என்று திருத்தினேன்.

இதுவரை செய்த பிரசங்கங்களில் இதுதான் உச்சம்.

ஜூலை 14, செவ்வாய்

காலையிலிருந்து தொண்டை அரிக்கிறது. நேற்று அதிகம் பேசிவிட்டேன். பெரிய பேச்சாளர்களுக்கு வருகிற தொண்டை.

ஜூலை 15, புதன்

உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கிறது. சண்முகத்தாய் "லீவு போடுங்க" என்றாள். "நான் போகலன்னா விசிலு யாரு அடிப்பா?" என்றேன். "விசிலு அடிக்காட்டா வண்டி நகராதாக்கும்?" என்றாள். இவளிடம் வேலையின் அருமை பேசிப் பயனில்லை. சாயங்காலம் ஒரு காய்ச்சல் மாத்திரை போட்டேன். இருமல் இல்லை. இருமல் இல்லாதவரை ஒன்றும் இல்லை.

இன்று பிரசங்கம் கிடையாது. குரல் எழும்பவில்லை.

ஜூலை 16, வியாழன்

கருப்பட்டிக் காபியில் சுக்கு தூக்கலாகப் போட்டாளாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 17, வெள்ளி

மூக்கம்மா சீட்டு காலி. நேற்றுப் பகல் வேலையிலேயே காய்ச்சல் வந்து, அங்கேயே படுக்கையில் சேர்த்துவிட்டார்களாம். எஸ்தர் சிஸ்டர் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தானும் லேசாக இருமினார்கள்.

முன்சீட்டில் எப்போதும் தூங்குகிறவர்கள் இன்று விழித்திருந்தார்கள். "வார்டு கூட்டுதவளைக் கூட ஏத்தினா அப்படித்தான். அவதான் கொண்டாந்திருப்பா" என்று ஒருவர் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. தொண்டை சரியில்லை.

ஜூலை 18, சனி

மூக்கம்மாவுக்குக் கொரோனா உறுதி. பஸ்ஸில் வந்த எங்கள் எல்லாருக்கும் பரிசோதனை. மூக்குக்குள் ஒரு குச்சியை விட்டார்கள். மூளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுத்தார்கள். என் விஷயத்தில் ஏமாந்திருப்பார்கள்.

பாதுகாப்பு உடுப்புப் போட்ட பிள்ளை கேட்டது: "எப்பத்துல இருந்து தொந்தரவு?"

"நேத்துல இருந்து."

வாயில் அதுதான் வந்தது. பதினாலு என்று சொல்லியிருந்தால், நாலு நாளாகத் தொண்டை வலியோடு ஏன் டியூட்டிக்கு வந்தாய் என்று கேட்பார்கள். அதுவும் ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய ஆள். மூன்று நாள் முன்னே பின்னே. அதில் என்ன வந்துவிடப் போகிறது?

ஜூலை 19, ஞாயிறு

எனக்கும் இருக்கிறது. எஸ்தர் சிஸ்டர், பீர்முகமது, ராமலெட்சுமி, மூவருக்கும் இருக்கிறது. என்னை ஆம்புலன்ஸில் ஏற்றி ஒரு கல்லூரிக் கட்டடத்தில் கொண்டுவந்து போட்டார்கள். என் கட்டிலுக்குப் பின்னால் கரும்பலகை. கடைசியில் நானும் கல்லூரிக்குள் வந்துவிட்டேன்.

சண்முகத்தாய்க்கு இல்லை. என் குறட்டை தாங்காமல் ஆறு வருடமாக அடுத்த அறையில் படுக்கிறாள். என் குறட்டையால் ஒரு உயிர் பிழைத்திருக்கிறது.

மூக்கம்மாவுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம்.

ஜூலை 20, திங்கள்

காலையில் இசக்கி போன் செய்தாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்பா. சூப்பர்வைசர் சாரும் கேக்காரு. நீங்க எனக்கு அப்பாங்கிறதால நான் தனியா விசாரிக்கக் கூடாது."

"சரிங்க மேடம்" என்றேன். சிரிக்கவில்லை.

பஸ்ஸைப் படமாகப் போடச் சொன்னாள். டைரியில் ஒரு முழுப் பக்கத்தில் கட்டம் கட்டமாகப் போட்டேன். நான் சொல்லச் சொல்ல அவளும் அங்கே போட்டாள். யார் எந்த ஊரில் ஏறினார், எந்தச் சீட்டு, ஜன்னல் பக்கமா நடைபாதைப் பக்கமா, ஒவ்வொன்றையும் சொன்னேன். இருபத்தைந்து பேர், ஒருவர் கூடத் தப்பவில்லை. சூப்பர்வைசர், "இவ்வளவு சுத்தமா யாரும் சொன்னதில்லம்மா" என்று சொன்னது எனக்கும் கேட்டது. காய்ச்சலிலும் மீசையைத் தடவிக்கொண்டேன்.

நோய் வந்தவர்கள் சீட்டில் கறுப்புத் தீட்டச் சொன்னாள். தீட்டினேன். முன்பக்கம் முழுதும் வெள்ளை. கறுப்பு நாலும் பின்னால் ஒரே இடத்தில் குவிந்து நின்றன.

"பின்வரிசையில காத்து சரியில்ல போலிருக்கும்மா. ஷட்டர் வேற மூடி இருந்துது."

"எந்தெந்த நாளுப்பா?"

"பன்னெண்டு, பதிமூணு. சாரல்லா?"

அவள் தேதியைத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "நீங்க எங்க நின்னீங்க? அதையும் படத்துல போடுங்க."

போட்டேன். நாலு கறுப்புக்கும் நடுவில் விழுந்தது.

"பேசிக்கிட்டு வந்தீங்களா?"

"கொஞ்சம்."

"மாஸ்க்கு?"

"தாடையில."

பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. "ஆனா உங்களுக்குத் தொந்தரவு ஆரம்பிச்சது பதினேழுன்னு எழுதியிருக்கு. மூக்கம்மாவுக்குப் பதினாறு. அப்படின்னா அவுக உங்களுக்கு முந்தி. பதினேழுக்கு ரெண்டு நாள் முன்னாடி, பதினஞ்சுல இருந்து உங்ககூட இருந்தவங்கள மட்டும் நாங்க தேடினாப் போதும். பன்னெண்டு, பதிமூணு எல்லாம் கணக்குல வராது. தேதி சரிதானப்பா? டைரியில பாத்துச் சொல்லுங்க."

டைரி என் மடியில்தான் இருந்தது. பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்கட்டும் என்று புரட்டினேன்.

"சரிதாம்மா" என்றேன்.

ஜூலை 20, அதே நாள், பிற்பகல்

ஞானதுரை பேசினார். அவருக்கு ஒன்றும் இல்லை, வீட்டில் தனிமையில் இருக்கிறார். "மூக்கம்மா தெருவுல தகரம் அடிச்சு மறிச்சுட்டானுவ. அவ வீட்டாளுகளைக் கொழாயில தண்ணி பிடிக்க விட மாட்டேங்கானுவளாம். பஸ்ஸுக்கே அவதான் நோயக் குடுத்தான்னு ஊரு பூரா பேச்சு. பாவம் அந்தப் பொம்பள, மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கா."

"ம்" என்றேன்.

"என்னவே ம்? உமக்கு எப்ப ஆரம்பிச்சுது?"

"டாக்டர் வாராரு" என்று வைத்துவிட்டேன். டாக்டர் வரவில்லை.

சாப்பாட்டில் ரசம் இருந்தது. ருசியும் தெரியவில்லை, வாசனையும் தெரியவில்லை. பொய் சொன்ன வாய்க்கு அது போதும்.

ஜூலை 21, செவ்வாய்

விடிந்ததும் நானே போன் செய்தேன். அவள் ஆபீசுக்கு வந்து, ஸ்பீக்கரைப் போட்டு, சூப்பர்வைசரை உட்கார வைத்த பிறகு பேசுகிறேன் என்று சொல்லிக் காத்திருந்தேன். தனியாகச் சொன்னால் மகளிடம் சொன்னதாகிவிடும்.

"பதினேழு இல்லம்மா. பதினாலாம் தேதியே தொண்டை அரிச்சுது. டைரியில எழுதியிருக்கேன். பதினஞ்சு உடம்பு வலி, மாத்திரை போட்டேன். பதினாறு வாசனை தெரியல. மூணையும் மறைச்சுட்டேன்."

பெற்று வளர்த்த இருபத்தாறு வருடமும் கண் முன்னால் வரிசையாக வந்து போயின. திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாளோ என்று பயந்தேன்.

"காலையிலயா, சாயங்காலமா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"பதினாலாம் தேதி. தொண்டை அரிச்சது காலையிலயா, சாயங்காலமா?"

"காலையில. எந்திரிச்சதும்."

"சரி. அப்ப பன்னெண்டுல இருந்து கணக்கு. பன்னெண்டு, பதிமூணு, ரெண்டு நாளும் ஒவ்வொரு டிரிப்பா ஏறினவங்க பேரச் சொல்லுங்க. வழக்கமா வாரவுக இல்லாம வேற யாராச்சும் உண்டா?"

குரலில் நடுக்கம் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த நாலு டிரிப்பையும் மறுபடி ஓட்டினேன். பதிமூன்றாம் தேதி சாயங்காலத்துக்கு வந்ததும் வாய் நின்றுவிட்டது.

"ஒருத்தர் உண்டு. அய்யாத்துரை. வன்னிக்கோனேந்தல். அன்னைக்கு ஒரே ஒரு டிரிப்புதான். ஒரு மணி நேரம் அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு பேசினேன்."

"அவரு எங்க வேலை பாக்காரு?"

"சிறுநீரக வார்டு. எட்டு நாள் வேலை, எட்டு நாள் வீடு. நாளைக்குக் காலையில மறுபடி டியூட்டிக்குப் போணும்."

நாற்காலி இழுபடுகிற சத்தம். சூப்பர்வைசர் யாரையோ பெயர் சொல்லிக் கத்தினார். போன் கட்டாகிவிட்டது.

பத்து நிமிடம் கழித்து அவளுடைய சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்காப்பா? நான் சொன்னதை எல்லாம் ஊருக்குச் சொன்னீங்களே, ஒரு வார்த்தை உங்க காதுல விழுந்துதா? கிட்னி போன நோயாளிங்க இருபது பேரு படுத்திருக்க வார்டுப்பா! உடம்புல எதிர்ப்பே கெடையாது அவங்களுக்கு!" பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே, "ஆக்சிஜன் அளவு பாத்தாங்களா? எவ்வளவு? ராத்திரி குப்புறப் படுங்க" என்றாள்.

அதுவரை கேட்டது அதிகாரி. இது என் பிள்ளை. இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

ஜூலை 22, புதன்

அய்யாத்துரையை நேற்று மத்தியானமே ஊரில் பிடித்துவிட்டார்கள். வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தாராம். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, கல்லுக்குண்டு மாதிரி இருந்தாராம். இன்று முடிவு வந்தது. இருக்கிறது.

அவர் வார்டுக்குப் போகவில்லை. இன்று காலை டியூட்டிக்கு வேறு ஆள்.

இதை எழுதுவதற்கு முன்னால் குப்புறப் படுத்து, தலைமாட்டுக் கரும்பலகையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 24, வெள்ளி

மூக்கம்மாவுக்கு ஆக்சிஜன் கூட்டியிருக்கிறார்கள்.

ஜூலை 25, சனி

இன்றும் அப்படியே.

ஜூலை 27, திங்கள்

இன்று கொஞ்சம் குறைத்தார்களாம். மூக்கம்மா இருக்கிற அதே ஆசுபத்திரியில் படுத்துக்கொண்டே எஸ்தர் சிஸ்டர் விசாரித்துச் சொன்னார்கள். உண்மையான தேதியை அவர்களிடமும் சொன்னேன்.

இசக்கி இன்னொன்றும் சொன்னாள். பனவடலிசத்திரத்துக்கு அவளே நேரில் போயிருக்கிறாள். அந்தத் தெருவில் நின்று, நோய் மூக்கம்மாவிடமிருந்து ஆரம்பிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். "பிறகு யாருகிட்ட இருந்து?" என்று கேட்டிருக்கிறார்கள். "நோயாளி பேரு சொல்லக் கூடாதுங்கிறது விதி" என்றாளாம். தகரத்தைப் பிரித்துவிட்டார்கள். குழாயடியில் மட்டும் இன்னும் முணுமுணுப்பு இருக்கிறதாம்.

"எம் பேரைச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நான் சொல்லக் கூடாதுப்பா" என்றாள். 'நான்' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னது போல எனக்குப் பட்டது.

ஜூலை 30, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் ஒரு வாரம் தனி அறை. சண்முகத்தாய் கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு, "சாப்பிடுங்க பேராசிரியரே" என்றாள். இந்தப் பட்டம் இனி என் சாவு வரைக்கும் கூட வரும்.

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. வாசனை பாதி வந்தது.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

மூக்கம்மா வீடு திரும்பிவிட்டாள். போன் செய்தேன். மூன்று நாளாக என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வரவில்லை.

"மூக்கம்மா, உனக்குக் குடுத்தது நான்தான்."

ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிப் பேசினாள். "தெரியும்... எஸ்தரு... சொல்லிட்டா."

"என்னை வைய மாட்டியா?"

"வைய... மூச்சு வேணும்லா? சேத்து வச்சிருக்கேன்... நேர்ல வாரும்."

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. படி ஏறினால் இன்னும் இளைக்கிறதாம், வாரியல் பிடிக்க இரண்டு மாதம் ஆகும் என்று டாக்டர் சொன்னாராம். கேட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போய் நேரில் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். தள்ளி நின்றுதான்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

மேலதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. உடம்பு சரியில்லாமல் பணிக்கு வந்தது உண்மை என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன். எறும்பு எழுதினது போலத்தான் இருந்தது. கண்டிப்புக் கடிதத்தோடு விட்டார்கள்.

இசக்கி போட்ட பஸ் படத்தை மாவட்டக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார்களாம். மற்ற ஊர்க் களப்பணியாளர்களுக்கு இனி அதை வைத்துத்தான் பயிற்சியாம். கூட்டத்தில் ஒரு டாக்டர், "முதல் நோயாளி உண்மையான தேதியைச் சொல்லலன்னா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?"

"அந்த வார்டை மூட வேண்டியிருந்திருக்கும், அதுக்கு முந்தி எத்தனை பேரோ, தெரியாதுன்னு சொன்னேன். பிறகு அவரு, அந்த ஆள எப்படிம்மா ஒத்துக்க வச்சீங்கன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் பண்ணலை, அவரா கூப்பிட்டுச் சொன்னாருன்னேன்."

பிறகு நாங்கள் இருவரும் சாரலைப் பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 10, திங்கள்

இன்று டியூட்டியில் சேர்ந்தேன். ஷட்டர் எல்லாம் தூக்கிக் கட்டியிருந்தது, மழை வந்தாலும் இறக்கக் கூடாது என்று உத்தரவு. எனக்கு இனி விசிலும் கிடையாது. பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு. ஞானதுரை கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னைக்குப் பிரசங்கம் உண்டாவே?" என்றார். இல்லை என்று கையைக் காட்டினேன்.

பாதிப் பேர் புதிய முகங்கள். பனவடலிசத்திரத்தில் யாரும் ஏறவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கம்மாவின் சீட்டில் உட்காரப் போனார். பக்கத்துச் சீட்டுக்காரர் தடுத்தார்.

"அதுல உக்காராதீங்கம்மா. அந்த வார்டு கூட்டுதவ சீட்டு. அவதான் இந்த பஸ்ஸுக்கே கொரோனாவைக் கொண்டாந்தது."

அந்த அம்மாள் இருக்கையைத் தொட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"அவ இல்ல, நான்" என்றேன்.

மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னதால் அவர்களுக்குக் கேட்கவில்லை. "என்னது?" என்று திரும்பினார்கள். முன்சீட்டில் தூங்குகிறவர்களும் கண்ணைத் திறந்தார்கள். மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றி விட்டுக்கொண்டு, பஸ் முழுதும் கேட்கிற மாதிரி மறுபடி சொன்னேன்.

"மூக்கம்மா யாருக்கும் குடுக்கல. அவளுக்கும் சேத்து இந்த பஸ்ஸுக்கே குடுத்தவன் நான். தொண்டை வலியோட டியூட்டிக்கு வந்த ஆளு, கோமதிநாயகம், கண்டக்டரு. நீங்க தாராளமா அதுல உக்காருங்கம்மா."

பக்கத்துச் சீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீருதான்னு யாருவே கண்டுபிடிச்சா?" என்றார்.

"எம் மவ" என்றேன்.